பாய்ந்த உயரமும் படித்த உயரமும்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்

தீவகம் என்னும் சொல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள தீவுகளை ஒருங்கே குறிக்கும். ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த லைடன் தீவும் புங்குடுதீவும் தாம்போதிப் பாதைகளால் குடாநாட்டோடு இணைக்கப்பட்டிருக்க, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். இத்தீவுகளிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக நகருக்குள் நுழைவோர் கோட்டையை அண்டிய பகுதியில் காணும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியே, இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் தங்கப் பதக்கத்தை ஈட்டிக்கொடுத்த வீரரை உருவாக்கிய பாடசாலையாகும்.

1934 ஆகஸ்டில் பிறந்தவரும் பெரியவிளானைச் சொந்த ஊராகக் கொண்டவருமான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தலில், அதாவது ஓடிவந்து ஒற்றைக் காலால் உந்தியெழுந்து குறுக்குக் கம்பத்தைக் கடக்கும் போட்டியில், பாடசாலைக் காலத்திலேயே சிறந்து விளங்கினார். 18 வயது நிறையுமுன்னரே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கை அணியில் இடம்பெற்ற அவர், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார்.

அவரது சாதனையை அளவிட அக்காலப் போட்டிமுறையை அறிந்துகொள்வது அவசியம். முதுகு கீழ்நோக்கக் கம்பத்தைக் கடக்கும் இன்றைய முறை, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி வென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னர் வீரர்கள் பக்கவாட்டிலோ முகம் கீழ்நோக்கவோ கம்பத்தைக் கடந்தனர் என்பதோடு, தடித்த மெத்தைகள் வழக்கிற்கு வராத அந்நாட்களில் பெரும்பாலும் மணலிலேயே விழுந்தெழவேண்டியும் இருந்தது. இத்தகைய சூழலில், 1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அப்போது உலக சாதனையாக இருந்தது சோவியத் வீரர் யூரி ஸ்தெபானொவ் முந்திய ஆண்டில் பாய்ந்த 2.16 மீற்றர் ஆகும்.

அப்போட்டிகள் நடைபெற்ற மே மாத இறுதி நாட்களிலேதான், இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 1958ஆம் ஆண்டு வன்முறை கொழுந்துவிட்டெரிந்து, அகதிகளான மக்கள் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டின் பெயரைத் தாங்கி ஒரு தமிழ் இளைஞர் பதக்கம் வென்ற அதே காலத்தில் அவருடைய இனத்தவர் அந்நாட்டிலேயே வேட்டையாடப்பட்டனர் என்ற உண்மையை விலக்கிவிட்டு, அந்தப் பதக்கத்தின் வரலாற்றை முழுமையாக எழுதுதல் இயலாது.

அமெரிக்காவில் தடகளம் பெரிதும் பல்கலைக்கழக அணிகளின் வழியாகவே வளர்ந்தது. அங்கே மாணவர், கல்வியையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் பெறுகின்றார். அவ்வாறே எதிர்வீரசிங்கமும் லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்று, அதன் தடகள அணியிலும் இடம்பெற்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அவர், போட்டிக்களத்திலிருந்து விலகிய பின்னர் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, சியராலியோன், நைஜீரியா ஆகிய ஆபிரிக்க நாடுகளில் ஆசிரியர்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் தாயகம் திரும்பி, வடக்கு, கிழக்கின் புனர்வாழ்வு, மனித உரிமை சார்ந்த முயற்சிகளுக்கும் தம் உழைப்பை வழங்கினார். 2024 ஏப்ரலில், 89ஆவது வயதில், அவர் காலமானார்.

பாய்ச்சல் வீரரின் உச்சக்காலம் சில ஆண்டுகளே என்பதும், அவ்வாண்டுகளோடு கல்வியும் சேர்ந்தே வளர்ந்தமையால் அவரது வாழ்வு அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன் தந்தது என்பதுமே இவ்வரலாற்றின் சாரம். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளையை மைதானத்திலிருந்து அழைத்துச்செல்லும் பெற்றோருக்கும், பரீட்சை நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்குக் கொடுத்துவிடும் பாடசாலைகளுக்கும் இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை. வேலணையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பாய்ச்சல் களத்தையும் அதற்கான பயிற்றுநரையும் பெறுதல் வேண்டும். அதற்குத் தோள்கொடுப்பது தீவகத்தின் பழைய மாணவர்களின் கடமையாகும்.