வில்லும் மரமும் வினைஞரும்

ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம் கிரெசிப் போரைப் பற்றி வகுப்பிலே பலமுறை கூறியிருக்கின்றோம். 1346ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேர்ட், தன்னினும் பெரும்படை கொண்டு வந்த பிரெஞ்சு மன்னனை வென்றான். 1415இல் ஐந்தாம் ஹென்றி அஜின்கோர்ட் களத்திலே அவ்வாறே வென்றான். இரண்டுக்கும் காரணம் இங்கிலாந்தின் நெடுவில் என்று எழுதுவித்து, அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றோம். "அந்த வில்லைச் செய்தவர் யார்? எந்த மரத்திற் செய்தார்?" என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின் நம்மிற் பலர் விடையின்றி நிற்போம். பாடநூலில் மன்னனுக்கு இடமுண்டு, வினைஞனுக்கு இடமில்லை. அவ்விடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களே சிலவேளைகளிற் சான்று பகர்கின்றன. தமிழிலே 'சிலை' என்பது ஒருவகை மரத்தின் பெயர். வில்லுக்கும் அதுவே பெயர். வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலும், யூ மரத்தைக் குறித்த சொல்லும் எல்ம் மரத்தைக் குறித்த சொல்லும் வில்லையுங் குறித்து வழங்கின. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகளில் மரமும் கருவியும் ஒரே பெயர் பெற்றமை வியப்பன்று. மரத்தைத் தெரிவதே வில் செய்யுந் தொழிலிற் பாதியாக இருந்தது.

அதற்குக் காரணமும் உண்டு. வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கியிருக்கும் அதன் முதுகு இழுபடுகிறது. எய்வோனை நோக்கியிருக்கும் வயிற்றுப்புறம் நெரிபடுகிறது. இழுவையையும் நெரிவையும் ஒருசேரத் தாங்கும் மரம் அரிது. தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுடையதைப் புல் என்றும், அகத்தே காழுடையதை மரம் என்றும் பிரித்தது. மூங்கிலின் வலிமை புறத்தே உள்ளது. ஆதலின் மூங்கில் வில்லின் முதுகிலே புறத்தோலைச் சிதையாமற் காக்க வேண்டும். யூ மரமோ அகக்காழுடையது. அதன் செம்பழுப்பு நிறக் காழ் நெரிவைத் தாங்கும். அதனைச் சூழ்ந்த வெண்ணிற வெளிறு இழுவையைத் தாங்கும். இவ்விரண்டும் அருகருகே அமையுமாறு ஒரு துண்டத்தை எடுத்தால், வெவ்வேறு இயல்புள்ள இரு பொருள்களை ஒட்டிச் செய்த பயனை ஒரே மரம் தந்துவிடுகிறது.

எனினும், இயற்கை தந்ததை வில்லாக்கியது மனிதனின் கையே. வில்வினைஞர் அடிமரத்தை ஆப்பு அறைந்து, நார் ஓடும் வழியே பிளந்தனர். வாளால் நேர்கோட்டில் அறுப்பின் நார் இடையிலே துணிபடும். துணிபட்ட இடத்திலே வில் முறியும். பிளந்த துண்டங்களை நெடுங்காலம் நிழலிலே உலரவிட்டனர். பின்னர் வெளிற்றை மெல்லிய படையாக முதுகிலே நிறுத்தி, வயிற்றுப்புறத்தை உருட்டிச் செதுக்கினர். கணு வந்த இடத்தில் அதைச் சுற்றிச் சிறிது மரத்தை மிகையாக விட்டுவைத்தனர்.

இதன்பின் வருவதே தொழிலின் உயிர்நிலை. வினைஞன் வில்லைச் சிறிது சிறிதாக வளைத்துப் பார்ப்பான். ஓரிடம் விறைத்து நின்றால் அங்கே சீவுவான். ஓரிடம் மிகையாக வளைந்தால் அதைத் தொடாது அதன் இரு மருங்குஞ் சீவுவான். இரு கைகளும் ஒத்து வளையும்வரை இது தொடரும். சீவிய மரத்தை மீளச் சேர்க்க வழியில்லை. ஒரு கணத் தவறு பல ஆண்டு உலர்ந்த மரத்தை விறகாக்கிவிடும். இறுதியிலே இரு நுனிகளிலும் கொம்பாலான பூண்களைப் பொருத்தி, சணல் நாணை ஏற்றுவான்.

இந்த அறிவு எந்த மன்னனும் அருளியதன்று. டென்மார்க்கின் ஹொல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இற் கண்டெடுக்கப்பட்ட எல்ம் விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடையன. 1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனியிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட மனிதனின் அருகே, 1.82 மீற்றர் நீளமான யூ வில்லொன்று கிடந்தது. அது செய்து முடிக்கப்படாத வில். கோடரியாற் செதுக்கிய தடங்கள் அதில் இன்றும் தெரிகின்றன. அரசும் அரண்மனையும் தோன்றுமுன்னரே உழைக்கும் மனிதன் யூவைத் தெரிந்துகொண்டான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிலமானிய அமைப்பு இந்த அறிவைத் தன்வயப்படுத்தியது. 1351ஆம் ஆண்டுச் சட்டம் உழைப்போரின் கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்திய அளவிலே கட்டிவைத்தது. 1363இல் மூன்றாம் எட்வேர்ட், திருநாட்களிலே உடல்வலியுள்ள ஒவ்வொருவனும் வில் பயில வேண்டும் எனவும், பந்தாட்டம் முதலிய விளையாட்டுகளில் ஈடுபடுவோர் சிறைப்படுவர் எனவும் ஆணையிட்டான். வார நாளின் கூலிக்கு வரம்பு; ஓய்வு நாளுக்கும் ஆணை. இலண்டனில் 1371இல் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தனர். ஒரு தொழிலாளி இரண்டையுஞ் செய்தலாகாது என்பது முடிவு. பத்தாண்டு கழிந்து 1381இற் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது, மன்னன் பயிலச் சொன்ன வில் மன்னனுக்கு எதிராகவும் ஏந்தப்பட்டது.

யூ வில்லின் தேவை பெருகியது. மரமோ இங்கிலாந்திற் போதவில்லை. குளிர்ந்த மலைச்சாரல்களில் மெல்ல வளர்ந்த நெருக்கமான மரமே சிறந்தது. எனவே 1472இல், நாட்டுக்கு வரும் வணிகர் ஒவ்வொரு பெரும் பீப்பாய் அளவு சரக்குக்கும் நான்கு வில்மரங்கள் கொண்டுவர வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. 1484இல் மூன்றாம் றிச்சார்ட், ஒவ்வொரு வைன் பீப்பாய்க்கும் பத்து வில்மரங்கள் என விதித்தான். ஆல்ப்ஸ் சார்ந்த காடுகளிலிருந்து யூ மரங்கள் இலட்சக்கணக்கில் வெட்டப்பட்டு வடக்கே சென்றன. 1507இல் பேரரசரே பவேரியக் கோமகனிடம் யூ வெட்டுவதை நிறுத்துமாறு கேட்டார். ஆயினும் இலாபம் வென்றது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்காடுகளில் வெட்டுதற்குரிய முதிர்ந்த யூ அரிதாகிவிட்டது. பல நூறாண்டு வளர்ந்தது சில தலைமுறைகளில் அழிந்தது.

மரம் அருகியபோது அதன் சுமை யார்மீது விழுந்தது? எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். வில்வினைஞர் தாம் செய்யும் ஒவ்வொரு யூ வில்லுக்கும் ஈடாக எல்ம், ஆஷ் முதலிய எளிய மரங்களிலும் விற்கள் செய்து மலிவாக விற்க வேண்டும். பதினேழு வயதுக்குட்பட்ட சிறுவன் யூ வில்லைத் தொடலாகாது; ஆனால் பெற்றோருக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுண் வருவாயுள்ள நிலமிருப்பின் தொடலாம்! வில் பயிலுங் கடமை எல்லோருக்கும். நல்ல வில் செல்வர் மகனுக்கு.

1545ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. றொஜர் அஸ்கம் என்னும் ஆசிரியர் வில்வித்தை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்றோர் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில், தம் நாட்டு மக்களுக்காகத் தாய்மொழியிலே அதனை எழுதினார். கிளையிற் செய்த வில்லினும், இளமரத்திற் செய்த வில்லினும், அடிமரத்திற் செய்ததே சிறந்ததென அவர் விளக்கினார். அதே ஆண்டில் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் தென்கரையருகே மூழ்கியது. 1982இல் அக்கப்பல் மேலே கொணரப்பட்டது. அதில் அகப்பட்ட 170க்கு மேற்பட்ட விற்களே, அக்காலத்து வினைஞரின் கைத்திறனை நாம் நேரிற் காண உதவுகின்றன. உடன் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றிலே தோள் எலும்பு முழுமையாகப் பொருந்தாதிருந்தது. இளமை முதல் வலிய வில்லை இழுத்ததன் விளைவு அது என ஆய்வாளர் கருதுகின்றனர். 1595இல் அரசு தன் படைகளுக்கு வில்லை விடுத்துத் துப்பாக்கி ஏந்துமாறு பணித்தது. அதனோடு வில்வினைஞரின் தொழிலும் நலிந்தது.

மன்னர் வென்றனர் என்பது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. மலைச்சாரலில் மரம் வெட்டியவன், கப்பலிலே சுமந்தவன், பட்டறையிலே சீவியவன், தோள் சிதைய இழுத்தவன் ஆகியோரே மறுபாதி. மரத்தைத் தட்டிப் பார்த்துக் காழும் வெளிறும் அறியும் தச்சர் நம் ஊர்களிலும் உள்ளனர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்து, அறிவு அரண்மனையிற் பிறந்தது என்று மனனஞ் செய்கின்றனர். அடுத்தமுறை கிரெசியைக் கற்பிக்கும்போது, மன்னன் பெயரை எழுதிய கரும்பலகையில் யூ மரத்தின் பெயரையும் எழுதுவோம்; அதைச் சீவிய கைகளைப் பற்றியும் கூறுவோம். தச்சன் மகன் தன் தந்தையின் தொழிலை அப்பாடத்திலே கண்டுகொள்வான்.