இறங்காமற் செல்லும் உரிமை

கெடா மாநிலத்தின் தலைநகராகிய அலோர் ஸ்டாரின் வடபுறத்தே அமைந்தது மெர்கோங். சுற்றிலும் நெல் விளையும் சமவெளி, எங்கும் வாய்க்கால்கள். தெற்கே சென்றால் குருனுக்கு அப்பால் நிலம் மேடுபட்டு, பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் என ரப்பர்த் தோட்டங்களின் நாடு தொடங்குகிறது. வயல் நாட்டையும் தோட்ட நாட்டையும் இணைப்பது ஒரு நெடுஞ்சாலை. அச்சாலையின் வரலாற்றைச் சொல்வோர் மன்னரையும் அதிகாரிகளையும் சொல்வர். ரயிலையும் மோட்டாரையும் சொல்வர். அதில் மிதிவண்டிக்கும் ஓர் இடம் உண்டு என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

மேலைநாடுகளில் இன்று ஒரு வகைச் சுற்றுலா பெருகியுள்ளது. படுக்கையும் அடுப்பும் உடைய, வீடு போன்ற மோட்டார் வண்டியில் புறப்படுகின்றனர். அதன் பின்புறத்தில் இரண்டு சைக்கிள்களையும் மாட்டிக்கொள்கின்றனர். ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர்களுக்கு இவ்வாறு செல்வோர் பலர். ஊரின் எல்லையில் பெரிய வண்டியை நிறுத்திவிட்டு, குறுகிய தெருக்களிலும் ஒலிவத் தோப்புகளிலும் சைக்கிளில் புகுந்து வருவர். கைவிடப்பட்ட ரயில் பாதைகளை மிதிவண்டிப் பாதைகளாக மாற்றும் திட்டம் ஒன்றை ஸ்பெயின் 1993இல் தொடங்கிற்று. பசும்பாதைகள் எனப்படும் இவை இன்று மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டுள்ளன. பெரிய வண்டி நெடுஞ்சாலைக்கு, சிறிய வண்டி நாட்டுப்புறத்துக்கு என்ற இப்பங்கீடு கெடாவுக்குப் புதிதன்று. ஆனால் இங்கு அது பொழுதுபோக்காகத் தோன்றவில்லை. கூலியும் போரும் உரிமையும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

தமிழில் இவ்வண்டிக்குப் பெயர்கள் பல. இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்றனர். தனித்தமிழ் விழைந்தோர் ஈருருளி என்றனர். பள்ளி நூல்களில் மிதிவண்டி நிலைபெற்றது. தோட்டத்துத் தமிழர் நாவில் வழங்கியது சைக்கிள் என்ற சொல்லே. கெடா மலாய்க்காரர் தம் வட்டார வழக்கில் இதனைக் கெரெக் என்பர். பெயர் எதுவாயினும், வண்டியின் பயன் அதன் முன்னுள்ள சாலையைப் பொறுத்தது. ஆகவே சாலையின் கதையை முதலிற் காண்பது தகும்.

1885ஆம் ஆண்டில், கெடாவின் முதலமைச்சராக விளங்கிய வான் முகமது சாமான், அலோர் ஸ்டாரிலிருந்து குருன் நோக்கி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். இரவில் தீவட்டிகளை வரிசையாக நிறுத்தி நேர்கோடு பார்த்தனர் என்பது இன்றும் கெடா மக்களிடையே வழங்கும் செய்தி. சதுப்பு நிலம் வயலாயிற்று. கால்வாய்க் கரையை ஒட்டி நெடுஞ்சாலையும் அமைந்தது. 1909 மார்ச்சு 10ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையால் கெடாவின் மீது சயாம் கொண்டிருந்த மேலுரிமை பிரிட்டனுக்கு மாறியது. 1915இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டிற்று. 1918இல் பாடாங் பெசார் எல்லையில் சயாம் இருப்புப்பாதையோடு இணைந்தது.

கடாரம் எனச் சோழர் கல்வெட்டுக்கள் குறிக்கும் இந்நாட்டுக்குத் தமிழர் புதியவரல்லர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அவர்களைப் பல்லாயிரவராக இங்குக் கொணர்ந்தது வாணிகமுமன்று, படையெடுப்புமன்று. அவர்களைக் கொணர்ந்தது சக்கரம்.

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. பல ஆண்டுகள் அவற்றை நாடுவார் இல்லை. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இன்றைய வடிவிலான மிதிவண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூவுருளிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். மிதிவண்டி பெருகியது, ரப்பரின் தேவை எழுந்தது. 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டு தம் மலிவான மோட்டாரை வெளியிட்டார், தேவை பன்மடங்காயிற்று. 1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியபோது மலாயாவெங்கும் காடு அழிந்து தோட்டம் பெருகிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல்கள் காத்திருந்தன.

உலகம் சக்கரத்தின் மேல் ஓடுவதற்காகப் பால்மரம் சீவ வந்தவன் நடந்தே வாழ்ந்தான். பினாங்கில் இறங்கி, ரயிலில் சென்று, நிலையத்திலிருந்து செம்மண் பாதையில் மூட்டையோடு நடந்து தோட்டம் சேர்ந்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றான். மரத்துக்கு மரம் நடந்தான். பால் வாளிகளைச் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு நடந்தான். லயத்து வீடு, கடை, கள்ளுக்கடை, கோயில், பள்ளி ஆகிய எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. எல்லைக்குள் இருந்தவையெல்லாம் துரைக்கு உரிய நிலம். வெளியார் உள்ளே வருவதற்கு அவர் இசைவு வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே செல்ல விலங்கு ஏதும் இல்லை. ஆனால் பத்து மைல் நடந்து பட்டணம் போய், பத்து மைல் நடந்து திரும்பி, மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நிற்க யாரால் இயலும்? தொலைவே வேலியாயிற்று.

அவ்வேலியைத் தாண்டிய முதல் வண்டி சைக்கிள். தொடக்கத்தில் அது கிராணிக்கும் ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் உரியதாக இருந்தது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்ற அளவில் கூலி வரையறுக்கப்பட்ட காலத்தில், தொழிலாளி சைக்கிள் வாங்குவது எளிதன்று. எனினும் சிக்கனத்தாலும் சீட்டுப் பணத்தாலும், மலிவான ஜப்பானியச் சைக்கிள்களின் வரவாலும், அது மெல்ல லயத்து வாசலுக்கு வந்தது. வந்தபின் தொலைவின் பொருள் மாறிற்று. அடுத்த தோட்டத்தில் வாழும் அக்காளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடிந்தது. சம்பள நாளில் தோட்டக் கடையை விட்டுப் பட்டணத்துக் கடையில் விலை கேட்க முடிந்தது. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் தோட்டத்துக்குள் புகுந்து படிக்கப்பட முடிந்தது. வேறிடத்துக் கூலியும் வேறிடத்து நடப்பும் தெரிந்த தொழிலாளி, பழைய தொழிலாளி அல்லன்.

இதனைத் தோட்ட நிருவாகம் உணராமல் இல்லை. ஆகவே வண்டியைத் தடுக்க முடியாத இடத்தில் வண்டியின் மேல் அமர்வதற்கு ஒரு கட்டுப்பாடு நிலவிற்று. துரையோ அவருக்கு அடுத்த ஆசிய அலுவலரோ எதிர்ப்பட்டால், தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். அவர் கடந்து சென்ற பின்னரே மீண்டும் ஏறலாம். இவ்வழக்கம் தமிழர்க்கு முற்றிலும் புதிதாக இருந்ததென்று கூறவியலாது. ஒடுக்கப்பட்ட சாதியார் மேற்சாதியார் தெருவில் வண்டியேறிச் செல்லலாகாது என்ற கட்டுப்பாட்டைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பல அறிந்திருந்தன. ஊரில் விட்டுவந்த இழிவு கடல் தாண்டி, துரையின் பெயரால் தோட்டச் சாலையில் நின்றது.

இது சிறு செய்தி என்று தோன்றலாம். 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் அதனைச் சிறிதாகக் கருதவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் எழுப்பப்பட்ட கோரிக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை, உற்றார் தோட்டத்துக்குள் வந்து செல்லும் உரிமை என்பவற்றோடு, ஐரோப்பிய, ஆசிய அலுவலர் முன்னிலையில் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையும் அப்பட்டியலில் தனியே இடம் பெற்றது. கூலி வயிற்றைப் பற்றியது. சைக்கிள் மானத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியவர்கள் தம் வாழ்வை நன்கு அறிந்தவர்கள். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கோரிக்கை அடங்கியது போலத் தோன்றிற்று.

ஏழு மாதங்கள் கழிந்தன. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும், சயாமின் சிங்கோரா, பட்டாணி ஆகிய கரைகளிலும் இறங்கின. சிங்கோராவிலிருந்து வந்த படை கெடாவின் வடக்கே ஜித்ராவில் 11, 12ஆம் நாள்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையை முறியடித்தது. அடுத்து அலோர் ஸ்டார் வீழ்ந்தது. குருனில் மீண்டும் பிரிட்டிஷார் தோற்றனர். ஜித்ராவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடைப்பட்ட நெல்வெளிச் சாலையில் அன்று உருண்டவற்றுள் பல, சைக்கிள்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமார் 500 மோட்டார் வண்டிகளும் 6,000 சைக்கிள்களும் இருந்தன என்று அப்படையின் திட்ட அதிகாரியாகிய மசனொபு சுஜி பின்னாளில் எழுதினார். கனமான தளவாடம் மோட்டாரில், வீரன் சைக்கிளில். பாலம் தகர்க்கப்பட்ட இடத்தில் மோட்டார் நின்றது. வீரன் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தான். டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினான். அப்பேரொலி இரவில் டாங்கிகளின் ஒலியென எதிரியை மயக்கிற்று. மலாயாவில் ஜப்பானியச் சைக்கிள் ஏற்கெனவே பரவியிருந்தமையால் மாற்று உறுப்புக்கும் பஞ்சமில்லை. 55 நாள்களில் அப்படை ஜொகூர் பாருவை அடைந்தது.

ஜித்ராவில் சிதறிய படையைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் சரணடைந்து, முதல் இந்திய தேசிய இராணுவத்துக்கு அடிகோலியது அலோர் ஸ்டாரில்தான். தோட்டங்களிலோ, யார் எதிரே இறங்க வேண்டுமோ அந்தத் துரைமார் தெற்கு நோக்கி ஓடியதைத் தொழிலாளர் கண்டனர். இறங்கி நிற்பதற்குக் காரணமாயிருந்த அச்சம் சில நாள்களில் உடைந்தது.

ஆயினும் சக்கரம் எவரையும் தானாக விடுவிப்பதில்லை. புதிய ஆட்சியில் சாலையும் வண்டியும் படைக்கே முதல் உரிமை ஆயின. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்களை ஏற்றிச் சென்றதும் ரயிலே. பெரிய வண்டி அதனை உடையவன் நினைத்த இடத்துக்குச் செல்கிறது. ஏறியவனை அது கேட்பதில்லை.

போர் முடிந்து 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபோது, பழைய வணக்கம் திரும்பவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடைகளை எதிர்த்ததும், தொழிலாளர்க்குக் கட்டுப்பாடும் தன்மானமும் பயிற்றியதும் அதன் பணி. 1947இன் தொடக்கத்தில் போலீசாரோடு நேர்ந்த மோதல்களுக்குப்பின் அது ஒடுக்கப்பட்டது. கிள்ளானில் எழுந்த குரலின் தொடர்ச்சியே கெடாவில் கேட்டது எனலாம். 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பாதைகள் மீண்டும் சுருங்கின. லயங்கள் வேலிக்குள் திரட்டப்பட்டன. உணவு வெளியே செல்லாதபடி வாயிலிற் சோதனை நடந்தது. சைக்கிளும் நின்று நின்றே நகர்ந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் தோன்றியபின், கேட்க வேண்டியவற்றைக் கூட்டாக அமர்ந்து கேட்கும் காலம் வந்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாற்றுக்கு ஓர் இணை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்தது. பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள், கல் உடைப்போரும் வயல் வேலை செய்வோரும் உட்பட, ஏளனத்தைப் பொருட்படுத்தாது ஓட்டக் கற்றனர். எழுத்தும் சைக்கிளும் ஒரே பாடத்திட்டத்தில் இடம் பெற்றதன் பொருத்தம் ஆசிரியர்க்கு எளிதில் விளங்கும். இரண்டும் பிறர் துணையின்றித் தானே செல்லக் கற்பிப்பவை.

இன்று மெர்கோங் வழியே மோட்டார்கள் இடைவிடாது ஓடுகின்றன. கால்வாய்க் கரைச் சாலையில் விடுமுறை நாளில் சைக்கிளோட்டி மகிழும் இளைஞன், ஸ்பெயின் நாட்டுச் சிற்றூரில் சுற்றும் பயணியைப் போலவே, எவருக்காகவும் இறங்குவதில்லை. இறங்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு எழாது. அவ்வெண்ணம் எழாதிருப்பதற்காக 1941இல் சிலர் அதனை ஒரு கோரிக்கையாக எழுதவேண்டியிருந்தது என்பதை அவனுக்குச் சொல்லிவைப்பது கற்றோர் கடன்.