இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர்

இந்தியத் தேசிய இராணுவம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் சப்பானின் துணையுடன் பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்ட இந்தியர்களின் படையாகும். அதன் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்த குடிமக்களில் பெரும்பாலோர் மலாயா, சிங்கப்பூர் தமிழர்கள்.

தோற்றம்

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் முதல் படையை அமைத்தார். சப்பானியர் தம்மைக் கருவியாக்குகின்றனர் என்ற ஐயத்தால் பூசல் எழுந்தது. டிசம்பரில் அவர் கைதானார், படை குலைந்தது.

1943 சூலையில் சிங்கப்பூர் வந்த சுபாசு சந்திர போசு அதை மீண்டும் கட்டினார். போர்க்கைதிகளோடு நில்லாமல் குடிமக்களையும் அழைத்தார். இதனால் துப்பாக்கியையே தொட்டறியாத இரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் படைவீரர்களாயினர். அக்டோபர் 21 அன்று தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது.

சான்சி ராணிப் படை

சென்னையில் பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் பெண்கள் படை அமைந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் இதில் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த சானகி தேவர் அதிகாரியானார். பின்னாளில் மலாயா இந்தியக் காங்கிரசு உருவாக உழைத்தார்.

காரைக்கால் நிலை

கோட்டுச்சேரி உள்ளிட்ட காரைக்கால் பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1940இல் பிரெஞ்சிந்திய நிருவாகம் தெகோலின் சுதந்திரப் பிரான்சை ஏற்றதால், ஊர் நேச நாடுகளின் பக்கம் நின்றது. ஆனால் பிழைப்புக்காகச் சைகோன் சென்றிருந்தவர்கள் விசி ஆட்சியின் கீழும் சப்பானியப் படைகளின் நடுவிலும் வாழ்ந்தனர். அங்கும் இந்திய விடுதலைச் சங்கத்தின் கிளை இயங்கியது. இதனால் ஒரே ஊராரே போரின் இருவேறு பக்கங்களில் இருக்க நேர்ந்தது.

போரும் முடிவும்

1944இல் படை இம்பால் நோக்கி நகர்ந்தது. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. ஆனால் உணவுத் தட்டுப்பாடும் மலேரியாவும் பருவமழையும் படையை முறித்தன. 1945 ஏப்ரலில் போசு இரங்கூனை விட்டு வெளியேறினார். அவருடன் பெண்படையினர் சிலரும் பாங்காக் நோக்கிப் பின்வாங்கினர். வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தனர்.

மதிப்பீடு

சப்பானுடனான கூட்டு இன்றும் விவாதப் பொருளாகும். அதே சப்பானியர் சயாம்-பர்மா இரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் வேலை வாங்கினர். நோயிலும் பசியிலும் அவர்களில் பெருந்தொகையினர் மாண்டனர். பால்கனில் மக்கெதோனிய ஆயுதக்குழுக்கள் சிலவும் அந்நாட்களில் அச்சு நாடுகளின் துணையை நாடின. வலிய அரசொன்றை எதிர்க்க இன்னொரு வலிய அரசைச் சார்வதன் விலை இரு இடங்களிலும் தெரிகிறது.

எனினும் 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை வழக்கு நாட்டைக் கொதிக்கச் செய்தது. குற்றம் சாட்டப்பட்ட சா நவாசு கான், சேகல், தில்லான் மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 1946 சனவரியில் நீக்கப்பட்டது. போர்க்களத்தில் தோற்ற படை, பிரித்தானியர் தம் இந்தியச் சிப்பாய்களின் விசுவாசத்தை இனி நம்ப முடியுமா என்ற கேள்வியை எழுப்பிச் சென்றது.