அல்கோலின் இரண்டு சாட்சிகள்

1782 நவம்பர் 12 இரவு. இங்கிலாந்தின் யார்க் நகரில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் குட்ரிக்குக்கு வயது பதினெட்டு. சின்ன வயதிலேயே செவித்திறனை இழந்தவர். பெர்சியஸ் மண்டலத்து அல்கோல் விண்மீன் அன்று மங்கிக் கிடந்தது. அது மங்கும் என்பது இத்தாலியின் மோன்டனாரி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டதுதான். எப்போது மங்கும் என்று நாள் கணக்கோடு சொன்னவர் குட்ரிக். சுமார் இரண்டு நாள், இருபத்தொரு மணி நேரத்துக்கு ஒருமுறை! கருவி எதுவும் இல்லை. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்ட வெறுங்கண்தான். பெரிய உருவம் ஒன்று சுற்றிவந்து மறைக்கலாம் என்றும் எழுதினார். 1783-இல் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் தந்தது. 1786-இல், இருபத்தொரு வயதில் இறந்துபோனார். இந்த வயதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

மொட்டைமாடியில் நின்று நானும் அல்கோலைப் பார்த்திருக்கிறேன். சாதாரண நாளில் பக்கத்து மண்டலத்து அல்மாக்குக்குச் சமமாக இருக்கும். கிரகணம் தொடங்கி ஐந்து மணி நேரத்தில் ஒளி மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிறகு அதே வேகத்தில் தேறிவிடும்.

ஆனால் மறைப்பது இன்னொரு விண்மீன்தான் என்று ஒளியை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது. நூறு ஆண்டுக்கு மேல் அது ஊகமாகவே கிடந்தது. 1889-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் அல்கோலின் நிறமாலையைப் படமெடுத்தார். மங்குவதற்கு முன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்தன. விண்மீன் விலகிப் போகிறது. மங்கிய பின் ஊதாப் பக்கம், நெருங்கி வருகிறது. ஒளி காலத்தைச் சொன்னது, நிறமாலை வேகத்தைச் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் உருவ அளவையும் எடையையும் ஃபோகல் கணக்கிட்டார்.

அதிலிருந்துதான் பெரிய புதிரும் வந்தது. எடை மிகுந்த விண்மீன் சீக்கிரம் முதுமை அடைய வேண்டும். அல்கோலிலோ சூரியனைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ளது இளமையாக இருக்கிறது. முக்கால் மடங்குகூட இல்லாத துணை விண்மீன் முதுமையில் உப்பியிருக்கிறது. 1955-இல் ஜான் கிராஃபோர்ட் விடை சொன்னார்: இப்போது இளைத்திருப்பதுதான் ஒருகாலத்தில் எடை மிகுந்தது, உப்பியபோது தன் பொருளைத் துணைக்குக் கொட்டிவிட்டது.

கொட்டிய பொருளுக்கும் சாட்சி உண்டு. மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஆல்ஃபிரட் ஜாய், ரிஷப மண்டலத்தில் அல்கோலைப் போலவே மங்கும் ஆர்டபிள்யூ டாரி என்ற இரட்டை விண்மீனை முழு மறைப்பின்போது நிறமாலையில் பார்த்தார். பிரகாசமான விண்மீன் மறைந்திருக்க, ஹைட்ரஜன் கோடுகள் ஒளிர்ந்தன. மறைப்பின் தொடக்கத்தில் சிவப்புப் பக்கம், முடிவில் ஊதாப் பக்கம். விண்மீனைச் சுற்றி வாயு வளையம் சுழல்கிறது என்று 1942-இல் எழுதினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான அவதானிப்பு இதுதான்.

பொருள் கைமாறினால் சுற்றுக் காலமும் மெல்ல மாறும். அதைக் கண்டுபிடிக்கப் பழைய மறைப்பு நேரங்கள் வேண்டும். இன்று நீங்கள் குறித்து வைப்பதும் நாளை அப்படியொரு பழைய நேரம்தான். அல்கோல் மங்கும் நேரம் முன்கூட்டியே கிடைக்கிறது. மார்கழி முன்னிரவில் வடக்கே பாருங்கள். அல்மாக்கோடு ஒப்பிட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.