மருந்தைக் குறைத்த வரலாறு

ஒரு மருந்து நன்றாக வேலை செய்கிறது. கட்டி சுருங்கி வருகிறது. அம்மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பீர்கள்? நோய் மீண்டும் தலைதூக்கும் வரை என்பீர்கள். பெருங்குடற் புற்றுநோய் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்ட நிலையில், மருத்துவர்களும் முதலில் அவ்வாறே கருதினர். அக்கருத்தை அசைத்தவை நோயாளிகளின் விரல் நுனிகள்!

முதலில் மருந்துகளைப் பார்ப்போம். எலியின் கல்லீரற் கட்டி, யுராசில் என்னும் பொருளைச் சாதாரணத் திசுவைவிட மிகுதியாக ஏற்றுக்கொள்கிறது என்பது 1954இல் தெரியவந்தது. யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குப் பதில் ஃப்ளூரின் அணுவைப் பொருத்தினால், கட்டி உணவென்று எண்ணி நஞ்சை உட்கொள்ளுமல்லவா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடெல்பெர்கர் குழுவினர் 1957இல் இவ்வாறு ஃப்ளூரோயுராசிலை அறிமுகப்படுத்தினர். இன்றும் இந்நோய்க்கு இதுவே அடிப்படை மருந்து.

அடுத்தது ஆக்சாலிபிளாட்டின். ஜப்பானில், நகோயா நகரில், யோஷினோரி கிடானி 1976இல் இதை உருவாக்கினார். இக்குடும்பத்தின் மூத்த மருந்தாகிய சிஸ்பிளாட்டினை நமக்குத் தந்தவர் ஓர் இயற்பியலார் என்பதைச் சொல்லாமல் விட, இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு மனமில்லை. மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி வளர்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார் பார்னெட் ரோசன்பர்க். அவை இரண்டாகப் பிரியாமல் நூல்போல் நீண்டன. காரணம் மின்புலமன்று, பிளாட்டின மின்வாயிலிருந்து கரைந்து வந்த சேர்மம்! 1965இல் வெளிவந்தது இச்செய்தி.

மூன்றாவது, குறிவைத்துத் தாக்கும் மருந்து. கட்டி வளரப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். அவற்றைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அக்குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பெவசிசுமாப், 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டு. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைப் பாதிக்கும். குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கும். மருந்து ஏற ஏற, விரல்களும் பாதங்களும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரும்பாடாகிவிடும். கட்டி அடங்கியிருக்கும்போதே மருந்தைக் கைவிட நேரும்.

பிரெஞ்சு மருத்துவர் எமெரி த கிராமோனின் குழுவினர் 620 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு ஆக்சாலிபிளாட்டின் தொடர்ந்து தரப்பட்டது. மற்றவர்களுக்கு ஆறு சுற்றுகளோடு அதை நிறுத்தி, ஃப்ளூரோயுராசிலை மட்டும் தொடர்ந்து, பின்னர் மீண்டும் ஆக்சாலிபிளாட்டினுக்கு வருவது திட்டம். 2006இல் முடிவு வெளிவந்தது. இடைநிலை வாழ்நாள் முதற்பிரிவில் 19.3 மாதம், இரண்டாவதில் 21.2 மாதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. ஆனால் இடையில் நிறுத்தியதால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை!

நின்ற வண்டியைக் கிளப்ப நான்கு பேர் வேண்டும். உருளத் தொடங்கிய பின் ஒருவர் போதும். பராமரிப்புச் சிகிச்சையும் அத்தகையதே. (உவமையை நெடுந்தூரம் இழுக்கக் கூடாது; வண்டி நம்மை எதிர்த்து வளர்வதில்லை.)

அந்த ஒருவரும் கையை எடுத்துவிட்டால்? நெதர்லாந்தின் 64 மருத்துவமனைகள் இதை ஆராய்ந்தன. மூன்று மருந்துகளை ஆறு சுற்றுகள் பெற்று, நோய் வளராமல் நின்ற 558 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு மருந்தில்லை, கண்காணிப்பு மட்டுமே. மறுபிரிவுக்குப் பெவசிசுமாபும், உடலுக்குள் ஃப்ளூரோயுராசிலாக மாறும் கேப்பசிட்டபைன் மாத்திரையும். நோய் வளர்ந்தால், இரு பிரிவுக்கும் முதற்சிகிச்சையையே மீண்டும் தொடங்குவதாக ஏற்பாடு.

2015இல் வெளிவந்த எண்களைக் கவனமாகப் படியுங்கள். நோய் வளராதிருந்த காலம் மருந்தில்லாதவர்களுக்கு 4.1 மாதம், பராமரிப்புப் பெற்றவர்களுக்கு 8.5 மாதம். இருமடங்கு! ஆனால் மொத்த வாழ்நாள் 18.1 மாதமும் 21.6 மாதமும், இவ்வேறுபாடு உறுதியானதென்று புள்ளியியல் ஒப்பவில்லை. பராமரிப்புப் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து புண்பட்டன. எனினும் அவர்களுடைய பொதுவான வாழ்க்கைத் தரம் கெடவில்லை என்றும் அறிக்கை கூறியது.

கட்டி அடங்கியிருப்பது வேறு, ஆயுள் நீள்வது வேறு என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஆகவேதான், சில மாதங்கள் மருந்தின்றி இருக்க விரும்பும் நோயாளியிடம் மருத்துவர் உடனே மறுப்பதில்லை. நோயின் அளவையும் வேகத்தையும் பார்த்து, இடைவெளி தந்தால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்ப்பது என்று அவரோடு பேசுகிறார்.