கொல்லிமலையில் இரத்த அழுத்தம் அளத்தல்

இரத்த அழுத்தம் அளத்தல் என்பது, இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் தமனிச் சுவரின் மேல் இரத்தம் தரும் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் கணக்கிடுவது. பேச்சு வழக்கில் 'பிரஷர் பார்ப்பது'. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களில், இதைச் சரியாகச் செய்யக் கருவியோடு பொறுமையும் வேண்டும்.

மேல்கையில் காற்றுப் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி வெளியிட்டார். ஸ்டெதாஸ்கோப்பால் முழங்கை மடிப்பில் ஒலி கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் கண்டறியும் வழியை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ் காட்டினார். பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது ஒலி தொடங்கும் இடம் மேல் எண். அடங்கும் இடம் கீழ் எண். பாதரசம் நச்சு என்பதால் பாதரசக் கருவி இன்று விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த டிஜிட்டல் கருவி ஒலியைக் கேட்பதில்லை, பட்டைக்குள் எழும் துடிப்பின் அதிர்வை அளக்கிறது. ஆகவே நாடி தாறுமாறாக ஓடுபவர்களிடம் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மலையின் உயரம் கருவியைத் தவறச் செய்யுமோ என்ற ஐயம் வேண்டாம். அது சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேற்பட்ட அளவையே காட்டுகிறது.

மலையில் பிழை நுழையும் இடம் வேறு. மிளகுத் தோட்டத்திலிருந்து மேடேறி வந்தவருக்கு மூச்சு அடங்குமுன் பட்டையைக் கட்டினால் எண் ஏறித்தான் நிற்கும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். காபி, புகையிலை, கடும் உழைப்பு ஆகியவற்றுக்குப் பின் அரை மணி நேரமாவது கழிய வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. நாற்காலி இல்லாத வீட்டில் திண்ணை போதும்: முதுகு சுவரில் சாய, பாதம் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் இருந்தால் சரி. கைக்கு அடியில் மடித்த போர்வையை வைத்து, பட்டையை இதய மட்டத்துக்கு உயர்த்தலாம். கை பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும்.

பட்டையைச் சட்டையின் மேல் கட்டக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் காற்றுப் பை மேல்கையின் சுற்றளவில் 80 விழுக்காட்டையாவது சுற்ற வேண்டும். மெலிந்த கையில் பெரிய பட்டை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். பருத்த கையில் சிறிய பட்டை கூட்டிக் காட்டும். முதல் முறை இரு கையிலும் அளந்து, அதிகம் காட்டும் கையையே பின்னர் பயன்படுத்த வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பதே முறை. ஒரே அளவில் 140/90 தாண்டியதும் நோய் என்று முத்திரை குத்துவது தவறு. வேறொரு நாளும் பார்க்க வேண்டும்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் இந்த மலையில், வீட்டுக்கே வந்து அளப்பது பெரும் உதவி. 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழி அதுதான். அளப்பவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு எண்களையும், எந்தக் கை, எந்த நேரம் என்பதையும் நோயாளியின் அட்டையில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வரும் மருத்துவருக்கு அதுவே ஆதாரம்.