அளவறிந்து உண்ட மரபு

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தின் அருகே திருநாதர்குன்று உள்ளது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பெற்ற அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டு இருக்கின்றது. காலத்தால் பிற்பட்ட மற்றொரு கல்வெட்டு, இளைய பட்டாரர் 30 நாள் நோற்றதைச் சொல்கின்றது.

இவற்றைக் காணும் நம் இளைஞருட் சிலர், சமணர்தம் உணவுநெறி பட்டினியே என்று கருதிவிடுகின்றனர். அது பிழை. சல்லேகனை யாவர்க்கும் எக்காலத்தும் உரியதன்று. பெரும் இடையூறு, பஞ்சம், முதுமை, தீரா நோய் ஆகியவை நேர்ந்தபோது மட்டுமே அதற்கு இடமுண்டென்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வரையறுத்தார். அப்போதும் உணவைத் திடீரென விடுதல் ஆகாது; திட உணவு, பால், மோர், வெந்நீர் எனப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும் என்றார். அந்நூலின் நெறியையே தமிழில் அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்கு எடுத்துரைத்தது.

நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க நெறி வேறு. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆறு புறத்தவங்களுள் முதலாவது உண்ணாமை. இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறையுமுன் நிறுத்துதல். ஆடவர்க்கு முழுவுணவு 32 கவளம் என்பது முனிவர் மரபு. அதில் ஒன்று குறைத்தாலும் தவமே. முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றவாறு, கையையே கலமாகக் கொண்டு உண்டனர். ஊர்தோறும் கால்நடையாகவே சென்றனர். குறைவாக உண்டவர்கள் உடலை உழைக்கவும் வைத்தார்கள். அதே சூத்திரம், தவம் அவரவர் ஆற்றலுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்றும் உரைக்கின்றது.

உடல்நலத்தை நம் முன்னோர் இகழ்ந்தவரல்லர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி எனப் பெயரிட்டார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த மருந்தின் பெயர் அது. காரியாசானும் சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே தம் நூலுக்குச் சூட்டினார்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் உழுதுண்டு வாழ்ந்த காலத்தில், வயல்வேலை உடற்பயிற்சியாயிற்று. விளக்கேற்றுமுன் உண்பதும் இயல்பாயிற்று. சென்னையில் ஞாயிறு மறைவது பருவத்திற்கேற்ப மாலை 5.40 முதல் 6.40 மணிக்குள். ராயப்பேட்டையில் வாழும் நம் பிள்ளைகள் அந்நேரத்தில் அலுவலகத்தில் இருக்கின்றனர். இரவு பத்து மணிக்கு மிகுதியாக உண்பதும், பின் உடல் பெருத்ததென அஞ்சி உடற்பயிற்சிக்கூடத்தில் வருந்தி, நாட்கணக்கில் பட்டினி கிடப்பதும் வழக்கமாகின்றன. பர்வ நாட்களில் நோன்பின் எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசி, பாரணையன்று அளவின்றி உண்ணும் பெரியோரும் இதற்கு நல்ல முன்மாதிரி ஆகார்.

இதற்கு வழி அரிதன்று. மாலைச் சிற்றுணவைக் கையோடு எடுத்துச் சென்று பொழுதடையுமுன் உண்ணலாம். ஜினாலயத்திற்கு இயன்ற தொலைவு நடந்தே செல்லலாம். நீரிழிவு உள்ளோரும் மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பு ஏற்கலாம்; இயலாதோர் ஒரு கவளம் குறைப்பதே போதும்.

தசலட்சணப் பர்வத்தின் ஏழாம் நாள் உத்தம தவத்திற்குரியது. அன்று யார் எத்தனை நாள் நோற்றார் என்று கேட்பதினும், ஆண்டு முழுவதும் அளவறிந்து உண்கின்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது மரபுக்குப் பொருந்தும்.

ஜெய ஜினேந்திர!